ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகள்

மலை மேல் எங்கள் வனத்துறை முகாமில் மூன்று பேர் இருந்தோம். ஃபாரஸ்ட் கார்டு ஒருவர், வாட்சர் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். இன்னொருவன் மலைக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அவன் ஊர் முகாமிலிருந்து ஒரு மணி நேர நடை. எனக்குக் கணியம்பாடி. மூன்று மணி நேரம் இறங்கினால் அமிர்தி, அங்கிருந்து வேலூர் பஸ்ஸில் கணியம்பாடி.

சந்தன மரம் இருந்த காடு அது. எப்போதும் இரண்டு பேராவது முகாமில் இருக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் வாட்சர்களில் ஒருவன்தான் வீட்டுக்குப் போகலாம். முறை வைத்துப் போய்ப் பார்த்தோம். என் முறையில் அவன் ஊரில் சாவு, அவன் முறையில் என் ஊரில் காதுகுத்து என்று சண்டைதான் மிச்சம். கார்டு ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்:

"யோவ், இனிமே என் தலைய உருட்டாதீங்க. இருபத்தொண்ணு ஆடுங்க. சீட்டு யாரப் போவச் சொல்லுதோ அவன் போவட்டும்."

அதுவே வழக்கமாகிவிட்டது. கார்டு சீட்டுப் போடுவார். எங்களுக்கு இரண்டிரண்டு, அவருக்கு இரண்டு. அவருடைய ஒரு சீட்டு திறந்திருக்கும், ஒன்று கவிழ்ந்திருக்கும். வேண்டுமென்றால் நாங்கள் இன்னும் எடுக்கலாம். இருபத்தொன்றைத் தாண்டினால் அவுட். அவர் பதினேழு வரும்வரை எடுத்தே ஆக வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்து. ஆஸ் ஒன்றாகவும் இருக்கும், பதினொன்றாகவும் இருக்கும். ஏழு கை ஆட்டம். கார்டை அதிகம் ஜெயித்தவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். சமமாக வந்தால் இன்னொரு கை.

அந்த வருஷம் மாசி மாதம் என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல். ஒன்பது நாள். காரியம் முடிந்து பதினேழாம் நாள் முகாமுக்குத் திரும்பி, எப்போதும் போல ரோந்து போனேன். பெண்ணுக்கு ஐந்து வயது. அவளைக் கணியம்பாடியிலேயே இருந்த என் மனைவியின் அக்கா பார்த்துக்கொண்டாள். குழந்தைக்குப் பெரியம்மா.

முதல் தடவை இறங்கிப்போனபோது குழந்தைக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. முகாம் அலமாரியில் சீட்டுக்கட்டின் சின்னச் சீட்டுகளை ரப்பர் போட்டுத் தனியாக வைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஏழிலிருந்து மேலே உள்ளவையும் ஆஸும் போதும். இரண்டிலிருந்து ஆறு வரை, இருபது சீட்டு சும்மாக் கிடந்தது. கேட்டேன்.

"வெத்துச் சீட்டுதானே, எடுத்துக்கினு போ," என்றார் கார்டு.

குழந்தை அவற்றைத் தரையில் பரப்பி, சீட்டில் உள்ள ஆட்டின், இஸ்பேட்டு உருவங்களை விரல் வைத்து எண்ணினாள்.

"ஒண்ணு எங்கப்பா?"

"ஒண்ணு மலைல கீது."

"ஏழு?"

"அதுவும் மலைலதான்."

அடுத்த தடவை கொண்டு வருகிறேன் என்றேன். அதன் பிறகு புரட்டாசி வரைக்கும் மூன்று முறைதான் என்னால் இறங்க முடிந்தது. சீட்டு என்னைப் போகச் சொல்லவில்லை.

புதன்கிழமைகளில் அரிசி, மண்ணெண்ணெய் வாங்க அமிர்திக்கு இறங்குவேன். இருட்டுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும், கணியம்பாடிக்குப் போய்வர நேரம் இருக்காது. அமிர்தியில் வந்து தங்குகிறவர்களுக்குச் சமைத்துப்போட ஒருவர் இருந்தார். முன்பு சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். என் வயதுதான் இருக்கும். ஒரு புதன்கிழமை டீ கொடுத்துவிட்டு, நான் எதுவும் சொல்லாமலே கேட்டார்.

"இன்னாப்பா, சனிக்கெழம சனிக்கெழம தோத்துக்கினே கீறியாமே? இருபத்தொண்ணுல இன்னாத்துக்கு மூளையக் கொழப்பிக்கிற? கப்பல்ல அதுக்கு ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. யோசிக்கவே வேணாம். அட்டையப் பாத்தாப் போதும்."

காலண்டர் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தார். மேலே வரிசையாகச் சீட்டுப் போடுகிறவரின் திறந்த சீட்டு. பக்கவாட்டில் நம் கூட்டுத்தொகை. கட்டத்துக்குள் ‘எ’ என்றால் எடு, ‘நி’ என்றால் நில்.

"அவங்கிட்ட சின்னது கீதுன்னா, நாலு, அஞ்சு, ஆறு, அப்போ நீ பன்னெண்டுலயே கையக் கட்டிக்கினு நில்லு. அவனே எடுத்து எடுத்து அவுட்டாவான். அவங்கிட்ட பெருசு கீதுன்னா பதினாறுலயும் எடு. பயமா இருக்கும். இருந்தாலும் எடு."

யோசிக்கவே வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மாதங்களில் என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை. சாப்பிட்டேனா என்றுகூடத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ரோந்து போகும்போது அட்டையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். பதினாறு, அவருக்குப் பத்து, எடு. பதின்மூன்று, அவருக்கு ஐந்து, நில். ஒரு மாதத்தில் முழுவதும் மனப்பாடம். புதன்கிழமைகளில் சமையல்காரர் தன் கட்டை எடுத்துப் போட்டுப் பார்ப்பார். பாதிக்குப் பாதி ஜெயித்தேன்.

"பாஸாயிட்ட போ. மலைக்காரனுக்கு இனிமே வூட்டு சோறு கெடையாது," என்று சிரித்தார்.

மலையில் தோற்றேன். வாராவாரம் தோற்றேன். அட்டையில் பாதிக் கட்டங்கள் ‘நில்’. முகாமில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை எனக்கு ஒருமுறைகூட ‘நில்’ வரவில்லை. எடு, எடு என்றே வந்தது. எடுத்தேன், அவுட்டானேன். அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் அப்படி நினைப்பது எளிதாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு வாரம் ஜெயித்து இறங்கினேன். பெரியம்மா வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"தம்பி, அவருக்கு ஓசூர்ல கம்பெனில வேல ஆயிடுச்சி. வர்ற சனிக்கெழம போயி திங்கக்கெழம கெளம்புறோம். கொழந்தையும் எங்ககூட வரட்டும். நீ மலைல வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? இல்ல, நானே வெச்சிக்கிறேன்னா, சனிக்கெழம வந்து சொல்லு. வரலேன்னா உனக்குச் சம்மதம்னு எடுத்துக்கிறோம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். கண்ணமங்கலத்தில் என் தம்பி வீடு இருந்தது. அவன் மனைவி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தாள், சீட்டு போகச் சொல்லும் வாரங்களில் நானும் போய்ப் பார்க்கலாம். "சனிக்கெழம வர்றேங்க," என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை களி தின்றுவிட்டு உட்கார்ந்தோம். ஆறு கை முடிந்தபோது எனக்கு மூன்று, மலைக்காரனுக்கும் மூன்று. ஏழாவது கை. எனக்கு ஒன்பதும் ஏழும், பதினாறு. அவனுக்கு எட்டும் ஏழும். கார்டின் திறந்த சீட்டு எட்டு.

பதினாறு, அவருக்கு எட்டு, எடு.

"எடு," என்றேன். பத்து வந்தது. அவுட்.

மலைக்காரன் பதினைந்தில் நின்றான். கார்டு கவிழ்ந்த சீட்டைத் திருப்பினார். ஏழு. பதினைந்துக்கு இன்னொன்று எடுத்தார், ராஜா. அவரும் அவுட். நான் நின்றிருந்தால் இரண்டு பேரும் ஜெயித்து இன்னொரு கை ஆடியிருப்போம்.

மலைக்காரன் என்னையே பார்த்தான். "ண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? பதினாறுல எதுக்குண்ணா எப்பவும் எடுக்கிற? இந்தக் கட்டுல ஏழுக்குக் கீழ சீட்டே இல்லியே. ஆஸ் வந்தாத்தான் பொழப்பு. நான் பதினஞ்சாச்சின்னா தொடவே மாட்டேன்."

கார்டு சிரித்தார். "யோவ், சின்னச் சீட்டையெல்லாம் நீதானய்யா வாங்கிக்கினு போன!"

ஆமாம். நான்தான் கொண்டுபோனேன். தெரியாமல் இல்லை. ஆனால் அட்டையில் இரண்டும் மூன்றும் எழுதியிருந்தன, நான் அட்டையைப் படித்தேன். கட்டைப் பார்க்கவில்லை.

"இன்னாண்ணா, வூட்ல எதாச்சும் அவசரமா?" என்றான் மலைக்காரன். மூட்டையை எடுத்து மறுபடி கீழே வைத்தான். "சாமை கதிர் வுட்டு நிக்கிது, பன்னி வருது, அதான் போறேன். நீ போவணும்னா சொல்லு."

"ஒண்ணும் இல்ல. சும்மாதான். நீ போ," என்றேன்.

அவன் போனான். நான் தட்டுகளைக் கழுவினேன்.

அடுத்த சனிக்கிழமை மலைக்காரன் மச்சானுடைய கல்யாணப் பேச்சில் மனஸ்தாபம் என்று ஊருக்குப் போகாமல் முகாமிலேயே தங்கினான், ஆடாமல் என்னை அனுப்பினார்கள். கணியம்பாடியில் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள்.

"உன் பொண்ணு குடுக்கச் சொல்லிச்சி. இதெல்லாம் எண்ணி முடிச்சிடிச்சாம். மலைல கீறத வாங்கியாரச் சொல்லிச்சி."

பஸ்ஸில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பத்தொன்பது சீட்டு இருந்தது. ஒன்று குறைந்தது. எது என்று அப்போது தெரியும். இப்போது ஞாபகம் இல்லை.

முகாமில் அந்தப் பத்தொன்பதையும் கட்டோடு சேர்த்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை கார்டுக்கு ஐந்து திறந்தது, நான் பன்னிரண்டில் நின்றேன், அவர் அவுட்டானார். சமையல்காரர் சொன்னபடியே நடந்தது. அட்டையை மலைக்காரனுக்கும் காட்டினேன், அவன் தன் பழைய கணக்கை மாற்றவில்லை. தொடர்ந்து மூன்று வாரம் ஜெயித்தேன். ஜெயித்தவன் போக வேண்டும் என்பதால் இறங்கினேன். அமிர்தியில் சமையல்காரரிடம் டீ குடித்தேன். வேலூர் பஸ் வந்து நின்றது, போனது. ராத்திரி அங்கேயே படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்தேன்.

மூன்றாவது வாரம் திரும்பியபோது மலைக்காரன் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் ஊரிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பன்றி இறங்கிச் சாமையில் முக்கால்வாசி போய்விட்டது. கார்டுதான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ஏழாவது கைக்கு வந்தபோது இரண்டு பேரும் சமம். எனக்கு ராஜாவும் ஆறும், பதினாறு. கார்டுக்குத் திறந்தது ஐந்து. மலைக்காரன் பதினெட்டில் நின்றுவிட்டான்.

பதினாறு, அவருக்கு ஐந்து, நில்.

"எடு," என்றேன்.

ஒன்பது வந்தது. கார்டும் அவுட். மலைக்காரன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினான்.

"இன்னாண்ணா, அட்ட எடுன்னா சொல்லிச்சி?"

"ஆமா," என்றேன்.

குழந்தை ஓசூரிலேயே வளர்ந்தாள், அங்கேயே கட்டிக்கொடுத்தார்கள். என்னிடம் வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசுவாள். அந்த வருஷம் அதன் பிறகு சாமை அறுத்து முடியும்வரை நான் ஒரு சனிக்கிழமைகூட ஜெயிக்கவில்லை. அட்டை முழுவதும் இன்றும் மனப்பாடமாக இருக்கிறது.