இரண்டு அறையில் பதினொரு பேர்

வீட்டுக்குப் பிளான் வரைவது ஒரு கிழமை வேலை. அந்தப் பிளானுக்கு மாநகர சபையில் முத்திரை வாங்குவது ஒரு பிறவி வேலை. யுத்த காலத்தில் கொழும்பில் வீடு கட்டப்போய் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து காய்ந்த அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தையில் பிளான் வரைந்து பிழைத்தவன் நான். ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவஞானம் ஐயாவின் பைலை நினைத்தால் எனக்கு இன்றும் கொதிக்கும். அவருடைய வீட்டில் இரண்டே அறைகள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த தங்கை மகேசக்காவின் குடும்பமும் சேர்ந்து, பதினொரு பேர் அதில் படுத்தெழும்பினார்கள். மேலே மூன்று அறை எடுக்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைச் சாவடி

பிளானைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியில் ஆமிக்காரர்கள் இறக்கிவிட்டார்கள். தமிழன் கையில் ஒரு கட்டடத்தின் அளவுகள் இருந்தால் சும்மா விடுவார்களா? மலசலகூடக் குழியைக் காட்டி, இதற்குள் யார் ஒளிப்பது என்று கேட்டார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். கடைசியில் சிப்பாய் பிளானைத் திருப்பித் தந்து சிங்களத்தில் சொன்னான்: "அடுத்த முறை வீட்டை இவ்வளவு விபரமாக வரையாதே."

கவுண்டர்

முதல் நாள் காணி உறுதியின் பிரதி இல்லை என்றார் கிளாக்கர். அடுத்த கிழமை வரிப் பற்றுச்சீட்டு. அதற்கடுத்த கிழமை இன்னொரு பிரதி. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் என்ன என்று சண்டைக்குப் போனேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரே நாளில் சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்கள்."

பரிசோதகர்

அந்த நாட்களில் வீட்டில் தங்கும் ஒவ்வொரு தமிழரையும் பொலிஸில் பதிய வேண்டும். ஐயா நேர்மையானவர், பதினொரு பேரையும் பதிந்திருந்தார். இடம் பார்க்க வந்த சபைப் பரிசோதகர் கேட்டதும், அந்தப் பத்திரத்தைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார்.

பரிசோதகர் பெயர்களை எண்ணினார். இரண்டு அறையில் பதினொரு பேரா, இது சுகாதார விதிக்கு மாறு என்றார்.

"நெரிசலைக் குறைக்கத்தானே மாத்தயா அறை கட்டக் கேக்கிறம்?"

சிங்கள மரியாதை சேர்த்துத்தான் கேட்டேன். அவர் பேனையை மூடிக்கொண்டு சொன்னார்: "முதலில் ஆட்களைக் குறையுங்கள், பிறகு வேண்டிய அளவு அறை கட்டலாம்."

லொட்ஜ்

மகேசக்கா குடும்பத்தைக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இரண்டு கிழமை விடுவோம் என்று யோசனை சொன்னவன் நான்தான். சுவரின் கனம் தெரிந்த எனக்குப் பொலிஸ் பதிவு மறந்துபோனது.

மூன்றாம் நாள் காலை அங்கே சுற்றிவளைப்பு. அக்காவின் மூத்த மகன் பதிந்த இடம் வெள்ளவத்தை, படுத்த இடம் கொட்டாஞ்சேனை. பிடித்துக்கொண்டு போக அது போதுமாக இருந்தது. கணக்கியல் படிக்கிற பொடியன், நான்கு நாள் உள்ளே இருந்தான்.

அந்த நான்கு நாளுக்குள் பரிசோதகர் மறுபடி வந்து, வீட்டில் ஐந்து பேரைக் கண்டு திருப்திப்பட்டு, அனுமதியும் கொடுத்துவிட்டார். முத்திரை குத்திய பிளானோடு நான் ஐயா வீட்டுக்குப் போனபோது, விடுதலையாகி வந்த மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கத்தோடு பிளானை நீட்டினேன். மகேசக்கா பிளானை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்கட மாடி எங்களுக்கு வேண்டாம். என்ர பிள்ளை பதிஞ்ச இடத்தில நிலத்தில படுத்தாலும் காணும்."

அந்தப் பிளான் இன்னும் என்னிடம் இருக்கிறது: அளவெல்லாம் சரி, முத்திரையெல்லாம் சரி, கட்டத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.