சடைக்காரன் பாட்டு

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஆத்மநாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் வீட்டுப் பாட்டுச் சத்தத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பஹ்ரைனில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், சுமந்துகொண்டு போக மனமில்லாமல், தன் ரெக்கார்டு பிளேயரையும் இரண்டு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். மற்றவர்கள் தங்கமும் கம்பளியுமாக ஊர் திரும்பியபோது இவர் கன்ட்ரி பாட்டும் ஹெவி ராக் பாட்டுமாக வந்து இறங்கினார். அதற்கப்புறம் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. டைல்ஸ் கடை வைத்தார், மாடி வீடு கட்டினார், முன்னறையில் தட்டுகளுக்கென்று கண்ணாடி பீரோ செய்தார். எந்தத் தட்டு எந்த வருஷம் வந்தது, எந்தப் பாட்டில் கிடார் எப்படிப் பேசும் என்று கடைக்கு டைல்ஸ் வாங்க வந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்வார். ரசனையுள்ள மனுஷன் என்று ஊரில் பெயர். பெயர் வாங்குவது அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

அவருக்கு வாக்கப்பட்டு வந்த பரிமளா இலுப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அட்டைப் படத்தை வைத்து அந்தத் தட்டுகளை அவளே இரண்டாகப் பிரித்துக்கொண்டாள். தொப்பி, குதிரை, மரவேலி இருந்தால் தொப்பிக்காரன் பாட்டு. தலைமுடியை விரித்துப்போட்ட ஆட்கள், நெருப்பு, மண்டையோடு இருந்தால் சடைக்காரன் பாட்டு.

கல்யாணமான வருஷம் பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடித்தவள், பாத்திரம் பண்டத்தோடு நாலைந்து தட்டுகளையும் சோப்புப் போட்டுக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்துவிட்டாள். பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. புதுக்கோட்டை வெயில் தட்டுகளை அப்பளமாக நெளித்துவிட்டது. சாயங்காலம் ஆத்மநாதன் வந்து பார்த்தார். பீரோவைத் திறந்து, நெருப்புப் படம் போட்ட கறுப்பு அட்டையை எடுத்தார். தட்டை விளிம்பில் பிடித்து வெல்வெட் துணியால் துடைத்தார். ஊசியை ஊதிவிட்டு வைத்தார். சத்தத்தை முழுக்கத் திருப்பினார். அதற்கப்புறம்தான் திரும்பி அவள் தலைமுடியைப் பிடித்தார்.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் அது. குழம்பில் உப்புக் கூடினாலும், அவள் அண்ணன் வெறுங்கையோடு வந்து போனாலும், சடைக்காரன் பாட்டு. அந்தச் சத்தத்தில் அவள் கத்தினால் அவள் காதுக்கே கேட்காது. தட்டின் ஒரு பக்கம் முடிகிறவரைக்கும் அடி. பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். அந்த விஷயத்தில் ஒழுங்கான மனுஷன். அப்புறம் போய்த் தட்டை எடுப்பார். உறைக்குள் போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. திருப்பிப் போட்டால் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஊர்க் கோயில் அம்மன் பிரகதாம்பாளிடம் பரிமளா நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. அவர் தட்டைத் திருப்பிப் போடக்கூடாது என்பது ஒன்றுதான் வேண்டுதல்.

அடித்து ஓய்ந்ததும் தொப்பிக்காரன் பாட்டு வரும். அதைக் கேட்டு ஆத்மநாதன் கண் கலங்குவார்.

“பொண்டாட்டிய எழந்துட்டுப் பாடுறான்டி. கேளு, எப்படி உருகுறான் பாரு.”

வீங்கிய கன்னத்தோடு அவளும் உட்கார்ந்து கேட்பாள். பிறந்த வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அம்மா பழமொழி சொல்லி அனுப்பிவைத்தாள். பழமொழி சொல்கிறவர்களுக்கு உடம்பு வலிப்பதில்லை.

ஒரே மகள் சரண்யா. அப்பா கையில் கறுப்பு அட்டையைப் பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை. “ஒங்க அப்பா பாட்டுக் கேக்குறாகளா?” என்று அந்த வீட்டு அழகம்மாள் கேட்பாள். “ஆமா பெரியம்மா” என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். படித்து முடித்ததும் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போனவள், தீபாவளிக்குக்கூட ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

போன வருஷம் ஆத்மநாதன் கடையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. முன்னறையில் கண்ணாடி பீரோவுக்கு எதிரே கட்டில் போட்டார்கள். பரிமளா ஒரு குறையும் வைக்கவில்லை. பீ மூத்திரம் அள்ளினாள், கஞ்சி ஊட்டினாள், புண் வராமல் புரட்டிப் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் பத்தினி என்றார்கள்.

அழகம்மாள்தான் ஒரு நாள் அதை எடுத்துக் கொடுத்தாள். “ஏம்மா பரிமளா, பாட்டுன்னா உசுரையே விடுவாகளே. போட்டுவிட்டாத்தான் என்ன? மனசுக்கு எதமா இருக்கும்ல.”

“போடுறேன்க்கா” என்றாள் பரிமளா.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. அடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, அது சத்தியம். கறுப்பு அட்டை வெளியே வரும்போது வயிற்றுக்குள் ஒன்று சுருண்டுகொள்ளுமே, அது எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு தடவை தெரிய வேண்டும். இந்த ஜென்மத்துக்கு அது போதும் அவளுக்கு.

சாயங்காலம் பீரோவைத் திறந்தாள். நெருப்புப் படத்தை அவர் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்தாள். தட்டை விளிம்பில் பிடித்துத் துடைத்தாள். ஊசியை ஊதினாள். சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கண்ணையே பார்த்தாள்.

ஆத்மநாதனின் கண் விரிந்தது. வந்துவிட்டது, இதோ பயம் வந்துவிட்டது என்று நினைத்தாள் பரிமளா. அந்தக் கண்ணில் நீர் கோத்தது. கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அவர் சிரிக்கிறார் என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. இடது கை விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தது.

அவருக்கு அது வெறும் பாட்டாகவே இருந்திருக்கிறது. அடித்ததெல்லாம் நினைவிலேயே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? முப்பது வருஷமாக இவள் குலை நடுங்கிக் கேட்டதை அவர் ஆனந்தமாகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் முடிந்தது. ஊசி கரகரத்தது. ஆத்மநாதன் அவளைப் பார்த்து இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினார். திருப்பிப் போடு.

பரிமளா எழுந்துபோய்த் திருப்பிப் போட்டாள். திரும்பி வந்து அவர் கன்னத்தில் அறைந்தாள். கை கூசவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். மறுபடியும் அறைந்தாள். தட்டு முடிகிறவரைக்கும் அடித்தாள்.

அடித்து ஓய்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தொப்பிக்காரன் பாட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த மனுஷனும் அன்றெல்லாம் நிஜமாகத்தான் அழுதிருக்கிறான் என்று அப்போது விளங்கியது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு அவள் பீரோப் பக்கம் போனாலே இடது கை முகத்தை மறைக்கப் பறந்தது, வேட்டி நனைந்தது. ஆசைப்பட்ட பயத்தைக் கண்ணாரப் பார்த்தாயிற்று. ஒரு தடவை போதும் என்றிருந்தவளுக்கு இப்போது எந்தத் தடவையும் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சடைக்காரன் கத்திக்கொண்டிருக்கும்போது சரண்யாவிடமிருந்து போன் வந்தது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மூச்சிரைக்க எடுத்தாள் பரிமளா. மறுமுனையில் மகளின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக நடுங்கியது.

“அம்மா… அப்பா எந்திரிச்சிட்டாரா?”

“இல்லடி.”

“பாட்டு ஓடுது?”

“நான்தான் போட்டேன்.”

கட்டிலில் ஆத்மநாதன் முனகினார். அது போனில் கேட்டிருக்க வேண்டும். சரண்யா படித்த பெண், நல்லது கெட்டது தெரிந்தவள். ‘வேண்டாம்மா, விட்டுடு’ என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பரிமளா காத்திருந்தாள். சொன்னால் இன்றோடு நிறுத்திவிடலாம் என்றுகூட இருந்தது.

“இன்னும் கொஞ்சம் சத்தத்தக் கூட்டி வச்சுக்கம்மா” என்றாள் சரண்யா. “வெளிய கேக்கப் போகுது.”