இருவருக்கும் ஒத்துவந்த கண்ணாடி

வீரபாண்டி தாண்டி அருள்புரத்தை நெருங்கும்போதுதான் சட்டைப் பையில் அது உறுத்தியது. வெட்டில் மிஞ்சிய பனியன் துணியில் தைத்த சின்னப் பை. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை, ஓரம் முழுக்க நெருக்கமான ஓவர்லாக் தையல். உள்ளே ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். தோளில் இன்னொரு பையோடு பல்லடம் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தேன். தனியார் பஸ்கள் ஆரன் அடித்தபடி உரசிக்கொண்டு போயின. எதிலும் ஏறவில்லை. ஓர் ஊரை விட்டுப் போகும்போது முதல் சில மைல்களை நடந்தே கடப்பது என் வழக்கம். பஸ்ஸில் ஏறினால் ஊர் சட்டென்று முடிந்துவிடும். நடந்தால், எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டினேன், தூத்துக்குடியில் உப்பு வாரினேன், லாரி கிளீனராகப் பெங்களூர் வரை போனேன். எண்பதுகளின் நடுவில் திருப்பூருக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். தொட்டித் தண்ணீரில் நின்று நின்று கால் தோல் உரிந்தபோது, ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனேன். எனக்கும் ஒரு மனைவி இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் இரண்டு தீபாவளிக்குமேல் இருந்ததில்லை. சோகத்தில் அலைந்தேன் என்று சொன்னால் அது பொய். அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான்.

அந்த ஆசை முதல்முறையாக ஓர் ஆள்மீது திரும்பியது அந்தக் கம்பெனி கேட்டில். ஷிப்ட் எட்டரைக்குத்தான் தொடங்கும். ஆனால் டெய்லரம்மா மட்டும் தினமும் ஏழரைக்கே வந்து நிற்பார். கம்பெனியில் இருந்த ஒரே பெண் ஓவர்லாக் டெய்லர் அவர்தான். என்னைவிட மூன்று வயது இளையவர், அதிகம் பேசாதவர். ஒரு மணி நேரம் முன்னால் வந்து என்ன செய்கிறார்? எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நூல் முனையை எச்சில் தொட்டுக் கூராக்கி, ஒரு கண்ணை மூடி ஊசிக் காதை நோக்கிக் கொண்டுபோனார். தவறியது. மறுபடியும் தவறியது. ஓவர்லாக் மிஷினில் ஊசியில் மட்டும் கோத்தால் போதாது. அடியில் வளைந்து கிடக்கும் கொக்கிகளிலும் நூலை ஓட்ட வேண்டும். பத்து நிமிடப் போராட்டத்துக்குப் பின் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் உள்ளே போய், பேப்பர் படிப்பதற்காகப் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய என் கண்ணாடியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார். கண் மங்கியது தெரிந்தால் மிஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிடுவார்கள். நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி எங்கள் இருவருக்கும் நடுவே போய்வரத் தொடங்கியது. காலையில் வாங்கி நூலை ஓட்டிவிட்டு, மற்றவர்கள் வருவதற்குள் கேட்டில் கொண்டுவந்து தந்துவிடுவார். கண்ணாடியோடு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி வரும். பிறகு இட்லியும் வந்தது. அவருக்கென்று தனியாக ஒன்று வாங்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். ஏழெட்டு போட்டுப் பார்த்தார். ஒன்றில் தலை சுற்றியது, இன்னொன்றில் எழுத்து குதித்தது. கடைசியில் என்னுடையதை வாங்கிப் போட்டு, "இதுதானுங்க சரியா இருக்குது" என்றார். அதே மாதிரி வேறு இல்லை என்று கடைக்காரர் கைவிரித்தார். மற்றவை உண்மையிலேயே அவருக்கு ஒத்துவரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

அந்தப் பையைத் தைத்துத் தந்த வாரத்தில்தான் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் லாரியில் அடிபட்டுத் திரும்பி வரவில்லை. நான் எந்த ஊரிலும் தங்காதவன் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அழுத்தமில்லாமல், மிஷினுக்கு எண்ணெய் விடச் சொல்வதைப் போலச் சொன்னார்: "நீங்க போறதுன்னா போங்க. சொல்லிப்போட்டுப் போங்க. வராத ஆளுக்குச் சோறு எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தது ஒருக்காப் போதும்."

சரி என்றேன். ஆனால் அவினாசியிலிருந்து மகளும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்று அவர் சொன்னதும், ஊர் மாறச் சொல்லிக் கால் பழையபடி அரித்தது. எந்த ஊர், என்ன ஆளுங்க, சொத்து உண்டா என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டால் நான் ஓர் இடத்து ஆளாகிவிடுவேன். அன்று விடியற்காலையிலேயே மேனேஜர் வீட்டில் சாவிக்கொத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினேன். டெய்லரம்மாவிடம் சொல்லவில்லை.

அருள்புரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்து கண்ணாடிப் பையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்காக அது என்னிடமே தங்கும் நாள். திங்கட்கிழமை நேவி ப்ளூ துணி ஓட்டத் தொடங்குகிறார்கள் என்பது நினைவு வந்தது. கறுப்புக்கு அடுத்த நீலம், அதே நிறத்தில் நூல். நல்ல கண்ணுக்கே தண்ணி காட்டும். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எதிரில் உட்கார்ந்து வாங்கி மடித்து, அடுத்த பீஸை எடுத்துக் கொடுப்பவருக்குக் கைமடி என்று பெயர். பகலில் ஊசி உடைந்தால் டெய்லரம்மாவின் கைமடிப் பெண்தான் ரகசியமாக நூல் கோத்துக் கொடுப்பாள். அவளும் கல்யாணம் நிச்சயமாகி முந்தின நாளோடு நின்றுவிட்டாள். கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று யோசித்தேன். எதிர்ப்பக்கம் திருப்பூர் பஸ் ஒன்று நின்றது, அதன் கண்டக்டரிடம் கொடுத்தாலே போய்ச் சேர்ந்துவிடும். எழுந்துபோய்ப் படியருகே நின்றேன். என்னவென்று சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. நானே ஏறிக்கொண்டேன். விட்டுவந்த ஓர் ஊரை நோக்கி நான் திரும்பிப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

டெய்லரம்மா குடியிருந்த லைன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகளும் மருமகனும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சுவரோரம் தொடாத ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்ந்திருந்தது. நான் வேலையை விட்டுப் போன செய்தி பத்து மணிக்கே வந்துவிட்டதாம். அப்படியும் அவர் தட்டை எடுக்கவில்லை.

"எது வரைக்கும் போனீங்க?" என்று டெய்லரம்மா கேட்டார்.

"அருள்புரம்."

"அவ்வளவுதானுங்களா? பல்லடமாவது தாண்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

பையை எடுத்து நீட்டினேன். "நாளைக்கு நேவி ப்ளூ ஓட்டணுமே" என்றேன். அது மகள் முன்னால் சொல்லக்கூடாத விஷயம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்குக் கண் மங்கியது அவளுக்குத் தெரியாது.

"வாட்ச்மேனுக்குத் தெரியுது. பெத்த புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா வேலைய விட்டுப்போட்டு உன்ற ஊட்ல வந்து உக்காரச் சொல்லுவே கண்ணு. எனக்கு மிஷின்ல உக்காரத்தான் புடிக்குது."

மகள் கண்ணாடியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே பைப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். மருமகன் தறி ஓட்டுகிறவர், நிதானமானவர். நான் பயந்த கேள்விகளை எல்லாம் வரிசையாகக் கேட்டார். எந்த ஊர், என்ன ஆளுங்க, யார் யார் இருக்கிறார்கள் என்றார். உள்ளதைச் சொன்னேன். ஒரு பதிலுக்கு அவர் முகம் இறுகியது. ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியாக, மறுபடியும் போகமாட்டீர்கள் என்பதற்கு என்ன நிச்சயம் என்றார்.

"தெரியலைங்க. போனா, சொல்லிட்டுப் போவேன்."

அவர் மாமியாரைப் பார்த்தார். டெய்லரம்மா கவிழ்த்த தட்டை எடுத்துவிட்டுச் சோற்றைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிப்போச்சு. ரசம் சுட வெக்கிறேன், உக்காருங்க" என்றார். அடுப்புப் பக்கம் போனவர் திரும்பி, "கைமடி வேலை தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியாது, கற்றுக்கொள்ளலாம் என்றேன்.

இப்போது எங்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சோதித்து எழுதிக் கொடுத்தது. அவருடைய பவர் வேறு, என்னுடையது வேறு. பழையதன் ஒரு கால் ஒடிந்து, நூல் சுற்றி, அந்தப் பைக்குள்ளேயே கிடக்கிறது. நீலப் பக்கம் சாம்பலாகிவிட்டது, ஓரத் தையல் மட்டும் ஓர் இழை பிரியவில்லை. அவர் என்னை இன்னும் வாட்ச்மேனுங்க என்றுதான் கூப்பிடுகிறார். நான் அந்த வேலையைப் பார்த்தது மொத்தம் பதினான்கு மாதம். அதற்குப்பின் பார்த்த வேலையின் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, எல்லோரோடும் சேர்ந்து உள்ளே போனோம். கான்ட்ராக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைமடிக்கு வருவது சின்னப் பெண்கள்தான். பக்கத்து மிஷின்காரன், "என்னக்கா, கைமடிக்குத் தாத்தாவைக் கூட்டியாந்துட்டீங்க" என்றான். "இவரு பேசாம வேலை பாப்பாருடா" என்றார் டெய்லரம்மா. நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, எல்லோரும் பார்க்க மாட்டிக்கொண்டேன். கைமடிக்காரன் கண்ணாடி போட்டால் யாருக்கும் அக்கறை இல்லை. நூல் மூன்றாவது தடவையில் ஊசிக்குள் போனது. கொக்கிகளுக்கு அவர் விரலால் வழி காட்டினார். மிஷின் ஓடத் தொடங்கியது. முதல் பீஸ் என் பக்கம் வந்து விழுந்தது, எடுத்து மடித்து வைத்தேன்.

"கோணையா இருக்குதுங்க" என்றார் தலையைத் தூக்காமல்.

பிரித்து, மறுபடியும் மடித்தேன்.