மச்சாளின் தவணை நாட்கள்

எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு இருக்கவேண்டும் என்பதுதான். மற்றப் பிள்ளைகள் சைக்கிள் கேட்டு அழுதார்கள். நான் வழக்குக் கேட்டு அழுதேன். அதற்காக அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கியும் இருக்கிறேன்.

வழக்கு மச்சாளிடம் இருந்தது. அவள் என் அப்பாவின் தங்கையான மாமியின் மகள், என் வகுப்புத்தான். நெடுந்தீவில் எங்கள் வளவுக்கும் மாமியின் வளவுக்கும் இடையில் ஒரு கல்வேலி, அதுவும் இடுப்பளவு. அவள் வீட்டுக்கு எது வந்தாலும் அது என் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். தெரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

மாமா நேவிக்காரர். சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்சக் காலத்தில் எங்கள் துறைமுகத்தில் வேலையாக இருந்தபோது மாமியைக் கண்டு, பிடித்து, கட்டியவர். சிங்களவர், அதிலும் நேவி உடுப்புப் போட்டவர் என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் கலியாணத்துக்குப் போகவில்லை. மச்சாள் பிறந்ததும் ஒவ்வொருவராக வேலி தாண்டினார்கள். குழந்தைக்கு ரோஷம் பார்க்க ஏலாதுதானே.

அக்கரையில் இருக்கிற குறிகட்டுவானுக்குப் போகிற படகில் நாங்கள் எல்லோரும் கீழ்த்தட்டில், மூட்டைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் இருப்போம். படகோட்டும் நேவிப் பெடியள் மாமியைக் கண்டதும் மேலே வரச் சொல்வார்கள். மச்சாள் சுக்கானுக்குப் பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு, கீழே இருக்கிற என்னை ஒருதரம் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மாமாவைத் திருகோணமலைக்கு மாற்றிவிட்டார்கள், அங்கிருந்து கப்பலுக்கு. லீவு கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த லீவிலும் பாதி அவருடைய ஊரில் படுக்கையில் கிடந்த தாயிடம் போயிற்று. ஊர் வாயைக் கேட்கவேண்டுமா? அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்றார்கள். மாமி அதைக் கேட்டுக்கொண்டே முற்றத்தைக் கூட்டினாள். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பொங்கலுக்கு ஒருக்கா, பள்ளிக்கூட விடுதலைக்கு ஒருக்கா வாறவன் புருசனோ? விட்டுட்டுப் போனவன் எண்டு வழக்கைப் போடு. உன்ர வயசுக்கு இப்பிடி இருக்கேலாது."

ஊர்காவற்றுறைக் கோட்டில் விவாகரத்து வழக்குப் போட்டார்கள். லோயர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அப்பா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். கடலில் நிற்கிற ஆளுக்குச் சும்மா கடிதம் அனுப்பினால் காணாது, அவருடைய மேலதிகாரி மூலம்தான் அழைப்பாணை போகவேண்டும். கப்பலில் நிற்கிறார் என்று அவர்கள் எழுதி அனுப்பினால் கோடு தவணை கொடுக்கும், அதாவது வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கும். ஆனால் கோட்டுக் கடிதத்தைக் காட்டினால் லீவு கொடுத்தே ஆகவேண்டும்.

அந்தக் கடைசி வசனத்தின் அருமை அப்பாவுக்குப் பிடிபடவில்லை. மாமாவுக்குப் பிடிபட்டுவிட்டது. கலியாணம் கூட்டிவராத மனிதரை வழக்குக் கூட்டிவரத் தொடங்கியது.

ஒவ்வொரு தவணைக்கும் அவர் வெள்ளை உடுப்போடு திருகோணமலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். வந்து, வாயைத் திறந்து, இன்னொரு தவணை கேட்டார். மாமி மறுக்கவில்லை. சோளகக் காற்று எழும்பிப் படகு ஓடாத நாட்களில் மாமியால் போகமுடியாது, அதற்கும் தவணை. அவர் கப்பலோடு போய்விட்டால் அதற்கும் தவணை. தவணை கேட்டு முடிந்ததும் மாமா, மாமி, மச்சாள் மூன்று பேரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கூல்பாரில் ஒரே மேசையில் இருந்து ஐஸ்கிரீம் குடித்தார்கள்.

இதெல்லாம் மச்சாள் வேலியில் நாடியை ஊன்றிக்கொண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். தவணைக்கென்று புதுச் சட்டை. தவணைக்கென்று தலைக்குப் பூக்கிளிப். உயரக் கிளாஸில், அடியில் ஜெலி, மேலே காஜுப் பருப்புத் தூவின ஐஸ்கிரீம். நான் அந்த வயதில் குச்சி ஐஸ்பழத்துக்கு மேல் கண்டதில்லை. என் அப்பா ஆட்டுக்குக் குழை வெட்டுவார், பின்னேரம் வீட்டுக்கு வருவார், சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுப்பார். அவருக்காக ஒருத்தரும் எனக்குப் புதுச் சட்டை தைக்கவில்லை.

ஒருநாள் அம்மா குசினியில் கறி தாளித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அம்மா, நீங்களும் அப்பாவும் எப்ப வழக்குப் போடுவியள்?"

அகப்பைக் காம்பு அப்போதுதான் பேசியது.

முதுகு எரிந்தாலும் வாய் அடங்கவில்லை. வேலியடிக்குப் போய், எங்கள் அப்பாவும் வழக்குப் போடப்போகிறார் என்று மச்சாளுக்கு ஒரு புளுகு விட்டேன். அவள் அதை நம்பவேயில்லை.

"உன்ர அப்பா வீட்டிலதானே இருக்கிறார். உனக்கு ஆர் வழக்குத் தருவினம்?"

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வீட்டில் இருக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வழக்கு இழுபட இழுபட அப்பாவுக்கு மானம் போயிற்று. இழுத்தது காணும், அடுத்த முறை முடித்துத்தர வேண்டும் என்று லோயரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தவணைக்குத் தானும் மாமியோடு போவதாகச் சொன்னார். நான் இரண்டு நாள் அழுது, மூன்றாம் நாள் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றேன். தொல்லை தாங்காமல் என்னையும் கூட்டிப்போனார்கள்.

கோட்டு வளவில் ஒரு வேப்பமரத்தடியில் மாமா காத்திருந்தார். மச்சாளைக் கண்டதும் குந்தியிருந்து அவளுடைய சப்பாத்து வாரை இறுக்கினார். அது இறுக்கமாகத்தான் இருந்தது. நானும் என் காலை நீட்டினேன். என்னுடையதையும் இறுக்கிவிட்டு, மறுபடியும் அவளுடையதைக் கழற்றி இறுக்கினார். அவளுக்கு மட்டும் ஏன் இரண்டுதரம் என்று எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே நீதிபதி இந்தமுறை தவணை இல்லை என்றார். விவாகரத்துக்கு ஆட்சேபனை உண்டா என்று கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். மாமா மாமியைப் பார்த்தார். மாமி நிலத்தைப் பார்த்தாள். அப்பா பெரிதாகச் செருமினார். மாமா மெதுவாக ஏதோ சொன்னார், மொழிபெயர்ப்பாளர் அதை உரத்துச் சொன்னார்.

"ஆட்சேபனை இல்லையாம்."

வெளியில் லோயர் விளங்கப்படுத்தினார். "பிள்ளை தாயோடதான். பிள்ளைச் செலவு மாதாமாதம் அவற்ற சம்பளத்திலயே வெட்டி வரும், நீங்கள் அலையத் தேவையில்லை. நேவிப் பதிவில பெண்சாதி எண்டு இருந்த பேர்தான் இனி இராது. பிள்ளையின்ர பேர் இருக்கும்."

"அப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்றார் அப்பா. மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

படகுக்கு நேரமாகிறது என்று அப்பா அவசரப்படுத்தினார். மாமா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் மட்டும்."

நான் அத்தனை நாள் கனவு கண்ட கிளாஸ் என் முன்னால் வந்தது. ஜெலி இருந்தது, காஜு இருந்தது. மச்சாள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் தன் கிளாஸைத் தொடாமல் மாமாவைப் பார்த்தாள்.

"அப்பா, அடுத்த தவணை எப்ப?"

மாமா கரண்டியை வைத்தார். மாமி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெரியவர்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை என்று நினைத்து, தெரிந்த நான் சொன்னேன்.

"இனித் தவணை இல்லை. வழக்கு முடிஞ்சுது."

அவள் அழவில்லை. தன் கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டாள். உருகுமுன் நான் அதையும் குடித்தேன்.

குறிகட்டுவானில் படகுப் பெடியன் வழக்கம்போல மாமியை மேலே கூப்பிட்டான். அவனுக்கு விஷயம் தெரியாது.

"இல்லைத் தம்பி. நாங்கள் இனிக் கீழயே இருக்கிறம்."

மச்சாள் வந்து எனக்கு முன்னால், ஒரு மாட்டுத்தீன் மூட்டையில் இருந்தாள். அவளுடைய புதுச் சட்டையில் ஆட்டு மயிர் ஒட்டியது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவளுக்கு இனி மேல்தட்டு இல்லை, தவணை இல்லை, கூல்பார் இல்லை. என்னிடம் இல்லாத எதுவும் இனி அவளிடம் இல்லை என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டு அப்பாவின் மடியில் தலையை வைத்தேன். அவர் என் தலையில் கையை வைத்தார். அவர் கட்டியிருந்த சாரத்தில் ஆட்டுக் குழையும் வேர்வையும் மணந்தன.

மச்சாள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேல்தட்டைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது அந்தப் பார்வை. கீழ்த்தட்டில், ஆடுகளுக்கு நடுவில், என்னிடம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அப்படியே நித்திரையாகிப் போனேன்.