சிவப்புக் காரின் பூர்வீகம் தேடி 71 கிலோமீட்டர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எங்கள் வீட்டுக்குச் சங்கடமான இடம் ஒன்று இதில் வருகிறது. அதையும் விடாமல் எழுத அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பழைய வண்டியை விற்கும் முன் அது எங்கே, எதிலிருந்து செய்யப்பட்டது என்று தேடிக் கிளம்புகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். வீடு புதுக்கோட்டையில். எங்கள் கொட்டகையில் நான்கு மாதமாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, மூக்கு நீளம். வெளிநாட்டுப் பழைய கார் ஒன்றைப் பார்த்துச் செய்த நகல் அது. அம்மாவின் தம்பி சாகுல் மாமுவுடைய வண்டி. மாமுவுக்குக் குடும்பம் இல்லை. அவர் இறந்த பிறகு வண்டி அம்மாவுக்கு வந்தது. ஆனால் அம்மா ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை.

அதற்குக் காரணம் இன்னொரு வண்டி. அம்மாவின் அத்தா, அதாவது என் தாத்தா, ஒரு வாடகை ஜீப் ஓட்டினார். சவாரி முடிந்து வரும்போது தெருமுனையிலேயே விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவாராம். அதைப் பார்த்ததும் அம்மாவும் மாமுவும் போட்டி போட்டு ஓடிப் போய் கேட்டைத் திறப்பார்கள். அவர் காலமான பின் ஜீப்பை மட்டும் கொடுத்துவிடாதே என்று அம்மா மாமுவிடம் கேட்டிருக்கிறார். சில நாளில் அதை எடைக்குப் போட்டுவிட்டதாக மாமு சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருடம்.

இப்போது திருச்சியிலிருந்து ஒருவர் காரை வாங்க வருகிறார். எதிலிருந்து மாற்றியது, யார் செய்தது என்று தெரிந்தால்தான் எடுப்பேன் என்றார். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பற்றிய பக்கம் பூஞ்சை பிடித்துக் கிழிந்திருந்தது. இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த, பாதி உரிந்த ஸ்டிக்கர் மட்டுமே எங்கள் துப்பு. அதில் திருமயத்துச் சீட் கவர் கடை ஒன்றின் பெயர் இருந்தது.

சென்ற சனிக்கிழமை காலை 7.20-க்கு நானும் என் அத்தாவும் கிளம்பினோம். பெட்ரோல் 700 ரூபாய்க்குப் போட்டோம். திருமயம் எங்கள் வீட்டிலிருந்து 21 கிலோமீட்டர். காரின் மீட்டர் ஓடாததால் எல்லா தூரமும் கைபேசியில் பார்த்தது. கூரை இல்லாத வண்டியில் போவது புத்தகத்தில் படிப்பதுபோல் இல்லை. காற்று பேச விடாது, கண்ணில் பூச்சி விழும். பக்கத்தில் வந்த டவுன் பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தாதான், “ராஜபார்ட் வேஷத்துல வந்தது மாதிரி இருக்கு” என்று கூசினார்.

எட்டே காலுக்குத் திருமயம் கோட்டை கண்ணில் பட்டது. உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை. கடையில் கலா அக்கா என்பவர் ஆட்டோ சீட் தைத்துக்கொண்டிருந்தார். காரைச் சுற்றி வந்தார்.

“இது ஓட்டுறதாண்ணே, கல்யாண ஆல்பத்துக்கு நிப்பாட்டுறதா?”

“ஓட்டிக்கிட்டுத்தாம்மா வந்தோம்” என்றார் அத்தா.

“எங்க வீட்டுக்காரர் தச்ச சீட்டுதான். எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு. ரேஸ் காருன்னா தரையத் தடவிக்கிட்டுப் போகும்பாங்க. இதுல ஏற எனக்கு ஸ்டூலு தேவப்பட்டுச்சு!”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். நானும் தினமும் காலைத் தூக்கித்தான் ஏறுகிறேன். ஏன் என்று யோசித்ததே இல்லை.

“வண்டி வல்லத்திராக்கோட்டை அந்தோணி பட்டறையிலேருந்து வந்துச்சு. அங்கிட்டுப் போயிக் கேளுங்க. பாப்பா, துப்பட்டாவ முடிஞ்சு கட்டிக்க, சக்கரத்துல மாட்டிரும்.”

இட்லி, வடை, இரண்டு டீ சேர்த்து 110 ரூபாய். மறுபடி புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து வல்லத்திராக்கோட்டைக்குப் போனோம். திருமயத்திலிருந்து மொத்தம் 36 கிலோமீட்டர். வழியில் ஒரு முறை இன்ஜின் சூடாகி, புளியமரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்தினோம். 10.50-க்குப் பட்டறை.

அந்தோணி அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காரைத்தான் முதலில் பார்த்தார்.

“அட, சாகுலு வண்டி! எங்க அந்தக் கோவக்காரன்? வெளியில நிக்கிறானா? வரச் சொல்லுங்க!”

அத்தா விஷயத்தைச் சொன்னார். அவர் கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தார். “யாருமே சொல்லலையே” என்று மட்டும் சொன்னார்.

என் நோட்டிலிருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். இது எதிலிருந்து செய்தது?

“அவங்க அத்தா ஜீப்புலேருந்து. மேல இருக்குற பாடிதான் பைபரு. அடிச்சட்டம், இன்ஜின், டேஷ்போர்டுத் தகடு எல்லாம் அந்த ஜீப்புதான்.”

“மாமு அதை எடைக்குப் போட்டதாச் சொன்னாங்களே?”

“பாதி துருப்பிடிச்சுக் கெடந்துச்சு பாப்பா. ஜீப்பா நிமுத்த முடியாதுன்னு நாந்தான் சொன்னேன். அப்ப வேற மாதிரி செய்ங்கன்னான். சின்னப் புள்ளையில அவனும் அக்காவும் அந்த ஜீப்புல ஒக்காந்து ரேஸு வெளாடுவாங்களாம். அக்காகிட்ட எடைக்குப் போட்டேன்னு சும்மா சொல்லி வைக்கிறேன், முடிச்சுக் கொண்டுபோயி நிறுத்துனா அழுதுருவான்னான். ஒரே சிரிப்பு அன்னைக்கு.”

பிறகு அவர் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார். டேஷ்போர்டை மூடியிருந்த கறுப்பு ரெக்ஸினில் நான்கு திருகுகள். நான் நான்கு மாதமாக அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ரெக்ஸின் கழன்று வந்தது. அடியில் பழைய பச்சைத் தகடு. 786 என்று மேலே. கீழே மஞ்சள் பெயின்டில், எங்கள் பக்கத்து வண்டிகளில் பிள்ளைகள் பெயரை எழுதுவார்களே அதே மாதிரி: நூர்ஜஹான் – சாகுல்.

நூர்ஜஹான் என் அம்மா.

“வண்டி முடிஞ்ச அன்னிக்கு இந்தப் பேரக் காட்டத்தான் ஓட்டிட்டுப் போனான். சாயங்காலமே திரும்பி வந்துட்டான். அக்கா கேட்டத் தொறக்கலையாம். அத்தா வண்டிய வித்துட்டுப் பகட்டாக் காரான்னு கேட்டுச்சாம். இவனுக்கும் ரோசம், ஒண்ணும் சொல்லாம வந்துட்டான். பேரு மேல பெயின்ட் அடிங்கண்ணேன்னு நின்னான். நான் அடிக்கல. திருகு போட்டேன். கோவம் தீந்தாக் கழட்டிக்கலாம்ல?”

அந்த நாள் எனக்கும் லேசாக ஞாபகம் இருக்கிறது. ஐந்து வயது. கேட் கம்பிகளுக்கு வெளியே ஒரு சிவப்பு. அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

திரும்பி வர 14 கிலோமீட்டர். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ரெக்ஸினைத் திரும்ப மாட்டிவிட்டு, ‘ஜீப்பிலிருந்து செய்தது’ என்று வாங்குபவரிடம் மட்டும் சொல்லிவிட்டால் யாருக்கும் வலிக்காது. அத்தாவிடம் கேட்டேன். “உண்மைய எழுதணும்னு நோட்டு வாங்குனது நீதான்” என்றார்.

மதியம் சொன்னேன். அம்மா கொட்டகைக்கு வந்து, தகட்டைத் தொடாமல் குனிந்து படித்தார்.

“அன்னைக்குத் தெருமுனையில ரெண்டு தடவ லைட்டு போட்டான்” என்றார். “பாத்தேன். அத்தா மாதிரி செஞ்சு கேலி பண்றான்னு நெனச்சுட்டேன்.”

பிறகு என் நோட்டைப் பார்த்து, “எழுதிக்க. நான் வாசல்ல நிக்க வச்சு அனுப்புனதையும் எழுது. மறைக்காத” என்றார்.

வண்டியை விற்க வேண்டாம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “இங்க நின்னா துருத்தான் புடிக்கும். ஓடட்டும். ஆனா அந்தப் பேரச் சொரண்டக் கூடாது. அதுக்குச் சம்மதிச்சாத்தான் சாவி.” அத்தா போனில் எல்லாவற்றையும் சொன்னார். வாங்குபவர் சம்மதித்தார். நாளை காலை பத்து மணிக்கு வருகிறார்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பெரிய பாகங்களை விட்டுவிட்டுச் சீட்டுக்கு அடியிலும் கதவின் உள்விளிம்பிலும் ஸ்டிக்கர் தேடுங்கள். காரணமில்லாத திருகு எங்கே இருந்தாலும் கழற்றிப் பாருங்கள். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், ஐந்து லிட்டர் தண்ணீர் இன்ஜினுக்கு, ஒரு பாட்டில் உங்களுக்கு. வண்டி வைத்திருந்தவர் இல்லை என்ற செய்தியைப் பட்டறையில் முதலிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதில் தவறினோம்.

தேடிப் போனது ஒரு காரின் பூர்வீகத்தை. எனக்குக் கிடைத்தது மாமுவின் சிரிப்பு. அதை நான் நேரில் கேட்டதே இல்லை.

இதை ஞாயிற்றுக்கிழமை மாலை எழுதுகிறேன். சற்று முன், 6.40-க்கு, அம்மா அத்தாவிடம், “ஏங்க, ஒரு தடவ தெருமுனைக்குப் போயிட்டு வாங்க” என்றார். கேட்டைச் சாத்திவிட்டு உள்பக்கம் நின்றார். நான் கொட்டகை ஓரத்தில் நின்றேன். கார் முனையில் திரும்பியது. விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. இன்னொரு முறை.

அம்மா ஓடினார். ஓடும் அளவுக்குத் தூரமே இல்லை, நாலு எட்டுதான். ஆனாலும் ஓடி, கேட்டின் இரண்டு பக்கத்தையும் முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார். கார் உள்ளே வந்து நின்றது. அம்மா காலைத் தூக்கி ஏறி, அந்தப் பெயர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அத்தா விளக்கை அணைத்தார்.