மிச்சமான பாட்டு

என் தாய்மாமா டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையிலேயே அவர் வாழ்க்கையில் பாதி கழிந்திருக்கிறது. அந்த நேரத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடினார்கள், தூங்கினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். மாமா செல்போனில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டார். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் காதுகுத்து என்றாலும் போட்டோக்களை வரிசையாகக் கோத்து, பாட்டுப் போட்டுத் தருவது அவர்தான். கடைசிப் படம் மறையும் இடத்தில் பாட்டும் கச்சிதமாக முடியும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதனால் அக்காவின் கல்யாண வரவேற்பில் மேடைத் திரையில் ஓடப்போகும் படத்தை அவரே செய்கிறார் என்றதும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சிக்கல் அம்மாதான். அப்பா இறந்துபோன பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அம்மா இல்லை. யாராவது போனைத் தூக்கினால் போதும், அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை அவளுக்கு வந்துவிடும். கல்யாண மேடைக்கும் வரமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"நல்ல காரியம் நடக்கசொல்ல நா இன்னாத்துக்குடீ மேல ஏறிகினு? பாக்குறவங்கோ இன்னா பேசுவாங்கோ?"

"நீ நிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வாணாம்மா" என்று அக்கா அழுதாள். அப்படியென்றால் மண்டபத்துக்கே வரவில்லை என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். கடைசியில், பந்தி நடக்கும் இடத்தில் மட்டும் இருப்பது என்று முடிவானது. மாமா இதில் வாயே திறக்கவில்லை. அக்கா பக்கம் பேசுவார் என்று நம்பியிருந்த எனக்கு அவர்மேல் ஒரே கோபம்.

வரவேற்பன்று மத்தியானம், காலி மண்டபத்தில் மாமா போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, மேடையிலிருந்து பந்திக்கூடம் வரைக்கும் நடக்கச் சொன்னார். நான் ஓடினேன்.

"ஓடாத கண்ணு. பட்டுப் பொடவ கட்டிகினு, கழுத்துல மாலய போட்டுகினு நடக்குற மாரி நட."

துண்டை இடுப்பில் சுற்றி, கல்யாணப் பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். இன்னொரு தரம் என்றார். மறுபடியும் நடந்தேன். பாவம், வேலை அலுப்பில் வேடிக்கை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் போனைக் குடைந்துவிட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினார். பல்லவிக்குப் பிறகு வருகிற புல்லாங்குழல், பாட்டு முடிந்த பிறகு மறுபடியும் வந்தது. முடிந்ததும் திரும்பவும் வந்தது.

"மாமா, இது முன்னாடியே வந்துச்சே?"

"நல்லாக்கீதா, இல்லியா? அத்த சொல்லு."

ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. நல்லாக்கீது என்றேன்.

சாயங்காலம் படம் ஓடியது. அப்பாவின் தோளில் அக்கா, கடற்கரையில் ஐஸ் சப்பும் அக்கா, முன்பல் விழுந்த அக்கா. கடைசிப் படமும் வந்து போயிற்று. பாட்டு மட்டும் நிற்கவில்லை. திரை கறுத்துக் கிடக்க, புல்லாங்குழல் அதுபாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவின் மானம் போயிற்றே என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது திரையில் அம்மா வந்தாள். பழைய படமல்ல. வீடியோக்காரர் கேமராவோடு பந்திக்குள் நின்றிருந்தார், அவர் எடுப்பது அப்படியே திரையில் தெரிந்தது. கையில் பாயச வாளி. யார் இலையில் விழவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தவள், நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். மண்டபமே தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. நான் திரும்பினால் மேடையில் அக்காவைக் காணோம். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள், பின்னாலேயே மாப்பிள்ளை. அக்கா திரைக்குள் வந்து அம்மாவின் கையைப் பிடிக்கவும் புல்லாங்குழல் நிற்கவும் சரியாக இருந்தது.

எழுந்த கைதட்டலில் அம்மா சொன்ன மறுப்பு யாருக்கும் கேட்கவில்லை. வாளியை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். மேடையில் சம்பந்தியம்மா தள்ளி நின்று அவளுக்கு இடம் விட்டார். பாயசம் சிந்திய புடவையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அம்மா நிற்கும் அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நன்றி என்று நான் மாமாவிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அன்று மட்டும் அவர் பக்கத்தில் போய், "பாட்டு மிச்சமாயிடுச்சு மாமா" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னேன். "ஆமா கண்ணு, கணக்கு தப்பாப் பூட்ச்சு" என்றார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நானும் நம்பி, பரவாயில்லை மாமா என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். மிச்சமான அந்தப் பாட்டின் நீளம், துண்டைச் சுற்றிக்கொண்டு நான் நடந்து காட்டிய தூரம் என்பது அந்த ஒன்பது வயதுப் பெரிய மனுஷிக்குத் தெரியவில்லை.