மண் சரிவில் பஸ் மாறிய கதை

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மாமா வீட்டுக்கு லீவுக்குப் போகிறோம் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு ஏழு வயது. பெங்களூரில் எங்கள் தொம்மலூர் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரு மாதமாக என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "சாப்பாடு ஆயிடுச்சுன்னு உங்கப்பா கிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அடுத்த அறைக்கு ஓடிச் சொல்லிவிட்டு, பதிலோடு திரும்பி ஓடிவருவேன். அந்த உத்தியோகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் அம்மா தன் புடவைகள் அத்தனையையும் டிரங்குப் பெட்டியில் அடைத்தாள். இனி இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லி அழுதாள். லீவுக்குப் போகிறவர்கள் ஏன் அழவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாமாவுக்கு மலைக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு வேலை. வழியில் பத்துப் பதினைந்து ஓட்டு வீடுகளும் ஒரு டீக்கடையுமாக ஒரு சின்ன ஊர். மழைக்காலம் வந்தால் அங்கே மலை சரிந்து ரோட்டை அடைத்துவிடும். பெங்களூர் பஸ் இந்தப் பக்கமும் மங்களூர் பஸ் அந்தப் பக்கமும் நின்றுவிடும். பிரயாணிகள் சேற்றில் நடந்து பஸ் மாறிக்கொண்டதும், இரண்டும் வந்த வழியே திரும்பிப்போகும். பெட்டிகளையும் குழந்தைகளையும் அந்த ஊர் ஆண்கள் தோளில் தூக்கிக் கடத்திவிடுவார்கள்.

என்னைத் தூக்கிவந்தவர் அந்தப் பக்கத்தில் எங்கள் பெட்டியின் மேல் உட்காரவைத்துவிட்டுப் போனார். எனக்கானால் தோள் சவாரி போதவில்லை. பெங்களூர் போகிற குழந்தைகளைத் தூக்க வந்த இன்னொருவரிடம் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டார். வழுக்கிவிடுமோ என்று காலடியையே பார்த்து வந்துகொண்டிருந்த அம்மாவைத் தாண்டித்தான் போனோம். கூப்பிட்டால் இறக்கிவிடுவார்களே என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பெங்களூர் பஸ்ஸில் ஒரு கன்னடத்து அம்மாள் "யார மகு இது?" என்று எல்லோரையும் கேட்டுப் பார்த்தாள். யாருடைய குழந்தையும் இல்லை என்று தெரிந்ததும் மடியில் உட்காரவைத்துப் பலாச்சுளை கொடுத்தாள். நான் மூன்றாவது சுளையில் இருந்தபோது அம்மாவின் அலறல் கேட்டது. நான் ரோட்டோரத்துப் பள்ளத்தில் விழுந்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டாள். ஊரே ஓடிவந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தது. நல்லவேளையாக எங்கள் கண்டக்டர் தலைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார், ஒன்று அதிகமாக இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் அம்மா விழுந்தடித்துக்கொண்டு அத்தனை சேற்றையும் மறுபடி தாண்டி வந்தாள்.

"எங்கடி போன, பாவி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். போன உயிர் திரும்பி வந்ததம்மா என்று பஸ்ஸில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"அந்தப் பக்கத்து வண்டி உங்களுக்காகத்தாம்மா நிக்குது. பத்து நிமிஷத்துல தாண்டிடலாம்" என்றார் கண்டக்டர்.

அம்மா ஜன்னல் வழியே கொஞ்சநேரம் அந்தப் பக்கம் பார்த்தாள். "வேணாங்க. பெட்டிய மட்டும் எடுத்தாரச் சொல்லுங்க. குழந்தை ரொம்ப பயந்துட்டா. அவங்கப்பா கிட்டயே போயிடறோம்" என்றாள்.

நான் பயப்படவே இல்லை என்று கத்தினேன். இனிமேல் சேட்டை செய்யமாட்டேன், மாமா வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சி அழுதேன். பஸ் பெங்களூரைப் பார்த்துக் கிளம்பியதும் அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் லீவையும் கெடுத்துவிட்டுச் சிரிக்க வேறு செய்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.